விளக்கில்லாக் கடல்

புயற்கடலை எழுதும் சித்திரக்காரர் மூலையில் ஒரு கலங்கரை விளக்கத்தையேனும் வைத்துப் பார்ப்பவனுக்கு ஆறுதலளிப்பதுண்டு. தியோதோர் ஜெரிக்கோ என்னும் பிரெஞ்சு ஓவியர் 1819-ல் பாரிஸில் காட்சிக்கு வைத்த “மெதூஸாவின் தெப்பம்” என்ற படத்தில் அதுவுமில்லை.

1816-ல் மெதூஸா என்னும் பிரெஞ்சு அரசாங்கக் கப்பல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையையடுத்த மணல்திட்டில் தரைதட்டியது. தலைவன் ஷோமரே சுமார் 20 வருஷ காலம் கடலில் கப்பல் நடத்தாதவன்; ராஜபக்தியே அவனது யோக்கியதாம்சம். அவனும் கவர்னரும் படகுகளில் ஏறிக்கொண்டனர். 147 பேர் தெப்பமொன்றில் தள்ளப்பட்டனர். இழுத்துச் செல்வதாக வாக்களித்த படகுகள் கயிற்றை அவிழ்த்துவிட்டன! 13-ஆம் நாள் உயிருடன் மீட்கப்பட்டோர் 15 பேரே. ஷோமரேக்கு விதித்த தண்டனை 3 வருஷச் சிறை.

ஜெரிக்கோ, சாட்சிகளை விசாரிக்கும் வக்கீலைப்போல், தப்பியோரைக் கண்டு விசாரித்தார். தெப்பத்திற்கு மாதிரியும் செய்வித்தார். படத்தின் அடிவானத்தில் ஆர்கஸ் கப்பல் வெறும் புள்ளி. மனிதக் குவியலின் உச்சியில் நின்று அதற்குத் துணி வீசுபவன் ஒரு கறுப்பு மனிதன். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனம் முற்றும் ஒழிந்தது 1848-ல் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

கண்காட்சிப் பட்டியலில் கப்பலின் பெயரை விட்டு, “கப்பற்சேதக் காட்சி” என்று மட்டும் அச்சிட்டனர். எந்தக் கப்பலென்பது பாரிஸ் ஜனங்களுக்குத் தெரிந்தேயிருந்தது.