சென்னைப் பெருநகர இடப்பெயர்கள்: மக்கள் வழக்கும் சொல்வடிவச் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

துறைமுக நகரங்களின் இடப்பெயர்கள் பல மொழியினர் நாவில் புழங்கி உருமாறுபவை. சென்னையின் ஊர், தெரு, ஆறு, கழி ஆகியவற்றின் பெயர்களுக்கு வழங்கும் விளக்கங்களுள் பெரும்பாலானவை சொல்லின் இன்றைய ஓசையை மட்டுமே பற்றி எழுந்தவை. பழைய பதிவு, ஒலிமாற்ற ஒழுங்கு, நில அமைப்பு என்னும் மூன்று அளவைகளால் இவ்விளக்கங்களைச் சோதிக்க இயலும் என்பதையும், திரிந்த வடிவங்களும் சான்றுகளே என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இடப்பெயராய்வு, பாக்கம், மக்கள் வழக்குச் சொற்பிறப்பு, நீர்நிலைப் பெயர்கள், சென்னை.

1. முன்னுரை

ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' தமிழில் ஊர்ப்பெயர் ஆய்வுக்கு வழிவகுத்த நூலாகும். நிலம், நீர், குடி, சமயம் என்னும் அடிப்படைகளில் பெயர்களை வகைப்படுத்தும் முறை அதன்பின் நிலைபெற்றது. சென்னையைப் பொறுத்தவரை இவ்வகைப்பாடு மட்டும் போதுமானதன்று. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைக்கு இடம் பெற்றபின், தமிழ், தெலுங்கு, உருது, போர்த்துகீசியம், ஆர்மீனியம், ஆங்கிலம் ஆகிய மொழிகளைப் பேசுவோர் ஒரே பரப்பில் வாழ்ந்தனர். ஒரு மொழியில் பிறந்த பெயர் மற்றொரு மொழியில் எழுதப்பட்டு, அவ்வெழுத்து வடிவம் மீண்டும் தமிழுக்குள் வந்த நிகழ்வுகளும் உள. எனவே, ஒரு பெயர் இன்று எப்பொருளைத் தருகிறது என்னும் வினாவைவிட, அது எவ்வழியாக இன்றைய வடிவத்தை அடைந்தது என்னும் வினாவே முதன்மை பெறுகிறது.

2. பாக்கமும் வாக்கமும்

நிகண்டுகள் பட்டினம், பாக்கம் ஆகிய இரண்டையும் நெய்தல் நிலத்து ஊர்ப்பெயர்களாகத் தொகுக்கின்றன. தொண்டைமண்டலத்தில் பாக்கம் என்பது கடற்கரையைக் கடந்து உள்நாட்டு ஊர்களுக்கும் பொது ஈறாகப் பரவியது. சென்னையில் இவ்வீறு இரு வடிவங்களில் காணப்படுகிறது. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், விருகம்பாக்கம், அரும்பாக்கம் ஆகியவற்றில் மகர மெய்யை அடுத்துப் பகரம் நிற்கிறது. கீழ்ப்பாக்கம், சேப்பாக்கம், புதுப்பாக்கம் ஆகியவற்றில் பகரம் இரட்டித்து நிற்கிறது. வில்லிவாக்கம், புரசைவாக்கம், கத்திவாக்கம், மேடவாக்கம், வளசரவாக்கம் ஆகியவற்றில் உயிரை அடுத்து வரும் பகரம் வகரமாகத் திரிந்துள்ளது. இம்மூன்று நிலைகளும் தமிழ் ஒலியியல் ஒழுங்குக்கு உட்பட்டவை. எனவே, வாக்கம் என்பதைத் தனிச்சொல்லாகக் கொண்டு 'வாக்கு' முதலியவற்றோடு இணைத்துப் பொருள் கூறுதல் பொருந்தாது.

இவ்வொழுங்கு வேறொரு விளக்கத்தையும் சோதிக்கத் துணைசெய்கிறது. கோடம்பாக்கம் என்பது ஆர்க்காட்டு நவாபின் குதிரைத் தோட்டத்தைக் குறித்த 'கோடா பாக்' என்னும் உருதுத் தொடரின் திரிபு எனப் பரவலாகக் கூறப்படுகிறது. அவ்வாறாயின், இடையில் நிற்கும் மகர மெய்யும் இறுதியிலுள்ள 'அம்' ஈறும் எவ்வாறு வந்தன என்பதற்கு விடையில்லை. அண்டையிலுள்ள நுங்கம்பாக்கமும் விருகம்பாக்கமும் இதே அமைப்பைக் கொண்டவை. நுங்கம்பாக்கமோ நவாபுகள் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய சோழர் காலத்திலேயே பதிவு பெற்ற ஊர். நவாபின் தோட்டம் அங்கு இருந்திருத்தல் கூடும்; ஆயினும் ஊர்ப்பெயரின் அமைப்பு அத்தோட்டத்தைச் சார்ந்து நிற்கவில்லை.

3. எழுமூர் என்னும் வடிவம்

சோழர் கல்வெட்டுகள் புலியூர்க்கோட்டத்தைச் சார்ந்த எழுமூர் நாட்டைக் குறிக்கின்றன. இன்றைய தமிழ் வழக்கு எழும்பூர் என்பதாகும். மகர மெய்யை அடுத்துப் பகரம் தோன்றியதற்கு 'எழும்பு' என்னும் வினையின் சாயல் துணைபுரிந்திருக்கலாம். ஆங்கில ஆவணங்களில் இப்பெயர் இரு வடிவங்களில் பதிவாகியுள்ளது. ஊருக்கு 'எக்மோர்' என்றும், கோட்டையின் மேற்கே ஓடிய ஆற்றுக்கு 'எலம்போர்' என்றும் எழுதினர். ழகரத்தை ஆங்கிலேயர் ஒருபுறம் ககரமாகவும் மறுபுறம் லகரமாகவும் குறித்தமை ஒருபுறமிருக்க, ஈறுகளின் வேறுபாடு கருதத்தக்கது. எக்மோரில் 'மூர்' என்னும் பழைய ஈறும், எலம்போரில் 'ம்பூர்' என்னும் பின்னை ஈறும் தங்கியுள்ளன எனக் கொள்ள இடமுண்டு. பிழையெனக் கருதப்படும் ஆங்கில எழுத்துவடிவமே கல்வெட்டு வடிவத்துக்கு அணுக்கமாக நிற்பது இங்குக் குறிக்கத்தக்கது.

4. பொருள் மாறிய பெயர்கள்

பொருள் விளங்காத அயற்சொல்லை அறிந்த தாய்மொழிச் சொல்லாக்கிக் கொள்ளுதல் மக்கள் வழக்குச் சொற்பிறப்பின் இயல்பு. சென்னையில் இதற்குத் தெளிவான சான்றுகள் உள.

1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் திருவொற்றியூர் அருகே நெசவாளர் குடியிருப்பு ஒன்று அமைந்தது. காலெட்டின் பேட்டை தமிழில் காலடிப்பேட்டை ஆயிற்று. 'காலடி' என்னும் சொல் இறைவன் திருவடியோடு இணைத்துப் பொருள்கொள்ள எளிதில் இடம்தருவதால், ஆளுநரின் பெயர் அதனுள் மறைந்தது. ஆர்மீனிய வணிகரின் தேவாலயம் அமைந்த ஆர்மீனியன் தெரு, தமிழில் அரண்மனைக்காரன் தெரு என வழங்கியது. அங்கு அரண்மனையைத் தேடுவோர்க்கு ஏமாற்றமே எஞ்சும். ஆர்மீனியர் இருப்பைத் தேடுவோர்க்குத் தேவாலயம் இன்றும் சான்றாக உள்ளது.

மும்முறை மாறிய பெயர் ஹாமில்டன் பாலத்தினுடையது. 'ஹாமில்டன்' மக்கள் நாவில் 'அம்பட்டன்' ஆகி, பாலம் அம்பட்டன் வாராவதி எனப்பட்டது. அதனை மொழிபெயர்த்த ஆங்கிலேயர் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என வழங்கினர். தொழிலும் சாதியும் இல்லாத ஒரு பெயரில் அவை இரண்டும் ஏற்றப்பட்டன. இன்று அது அம்பேத்கர் பாலம். இம்மாற்றம் நியாயமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இடைப்பட்ட வடிவங்கள் பதிவில் இல்லையெனில், பிற்கால ஆய்வாளர் அவ்விடத்தில் ஒரு தொழிற்குடியிருப்பு இருந்ததாக முடிவு செய்ய நேரிடும்.

இதற்கு மறுதலையாக, பொருள் தெளிவாக இருந்த தமிழ்ச்சொல் தெளிவிழந்த நிலையும் உண்டு. 1734இல் நெசவாளர்க்கென அமைக்கப்பட்ட சின்னத் தறிப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை எனத் திரிந்து தறியின் ஓசையை இழந்தது. கூவத்தின் கரையிலுள்ள அமிஞ்சிக்கரை எழுத்து வழக்கில் அமைந்தகரை எனத் திருத்தம் பெற்றது. ஊதியமற்ற கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'அமஞ்சி' என்னும் பழஞ்சொல்லோடு இப்பெயர் தொடர்புடையதாயின், கரையைப் பேணிய எளிய மக்களின் உழைப்பு அத்திருத்தத்தால் பெயரிலிருந்து நீங்கிவிடுகிறது. பேச்சு வழக்கும் ஆங்கில எழுத்தும் 'அமிஞ்சி' என்பதையே காத்து நிற்றல் நோக்கத்தக்கது.

5. நீர்ப்பெயர்கள்

நகரின் நீர்வழிப் பெயர்களில் பொதுப்பெயர் சிறப்புப்பெயராதலும், அதன்மேல் மீண்டும் பொதுப்பெயர் சேர்தலும் காணப்படுகின்றன. அடையாறு என்பதில் ஆறு உள்ளது. எனினும் 'அடையாறு ஆறு' என எழுதுவது வழக்காகிவிட்டது. ஓட்டேரி நல்லா என்பதிலுள்ள 'நல்லா', ஓடையைக் குறிக்கும் வடமொழிப்புறத்து 'நாலா' என்னும் சொல் ஆங்கில எழுத்தின் வழியே வந்த வடிவம். தமிழ்ச் செவிக்கு அது 'நல்ல' என ஒலிப்பதால், 'நல்லா கால்வாய்' என மூன்றாம் முறையாக நீர்ப்பெயர் சேர்க்கப்படுகிறது.

கூவம், திருவள்ளூர் மாவட்டத்துக் கூவம் ஊரின் பெயரால் வழங்குவது. கிணற்றைக் குறிக்கும் 'கூவல்' என்னும் பழந்தமிழ்ச் சொல்லையும் 'கூபம்' என்னும் வடசொல்லையும் இதனோடு ஒப்பிடுவர். ஆயினும் கம்பெனி ஆவணங்களில் இவ்வாற்றின் கீழ்ப்பகுதி திருவல்லிக்கேணி ஆறு எனப்பட்டது. ஆறு ஒன்றாயினும், கரையிலிருந்தோர் தத்தம் ஊரின் பெயரால் அதனை அழைத்தனர். இவ்வாறும் எலம்போர் ஆறும் சூழ்ந்த நிலமே தீவுத்திடல். எலம்போர் ஆறு பின்னர்க் கால்வாய்ப் பணிகளில் உருமாறியது; 'தீவு' என்னும் பெயரே அதன் பழைய போக்குக்குச் சான்று. 1806இல் வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய், 1877-78 பஞ்சகால நிவாரணப் பணிகளால் நீட்டிக்கப்பட்டபின் ஆளுநர் பக்கிங்காம் பெயரைப் பெற்றது. பசித்தோர் வெட்டிய வாய்க்கால் ஆண்டவர் பெயரால் நிலைத்தது.

வடக்கே கொற்றலையாறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் நிலைமை வேறு. முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் என்னும் மீனவ ஊர்ப்பெயர்கள் நிலத்தையும் நீரையும் நேரே சுட்டுகின்றன. அங்கு எவ்விளக்கக் கதையும் தேவைப்படவில்லை. கழியில் தொழில் செய்வோர்க்குப் பெயரின் பொருள் அன்றாடம் கண்முன் நிற்கிறது.

நகரின் நடுப்பகுதியில் அந்நிலை மாறிவிட்டது. மயிலாப்பூர் முதல் நுங்கம்பாக்கம் வரை நீண்டிருந்த ஏரி, 1920களில் தியாகராய நகருக்காகத் தூர்க்கப்பட்டது. புதிய நகரின் பூங்காவும் சாலைகளும் பனகல், உஸ்மான், நாயர் முதலிய நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்களைப் பெற்றன. நீருக்கு எஞ்சியவை மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலை, நுங்கம்பாக்கத்தின் ஏரிப்பகுதி, வள்ளுவர் கோட்டத்தருகிலுள்ள டேங்க் பண்டு சாலை, சேத்துப்பட்டின் ஸ்பர் டேங்க் சாலை ஆகிய பெயர்கள் மட்டுமே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மேற்கு மாம்பலம் நீரில் ஆழ்ந்தபோது, ஏரியைக் காணாத தலைமுறைக்கு அப்பெயரின் பொருள் விளங்கிற்று.

6. முடிவுரை

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம், 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துவடிவத்தைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றும் அரசாணை வெளியாகிச் சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. தமிழ் ஒலிப்பை நிலைநாட்டும் நோக்கம் போற்றத்தக்கதே. எனினும் எத்தமிழ் ஒலிப்பு என்னும் வினா எஞ்சுகிறது. எக்மோரை எழும்பூருக்கேற்ப மாற்றினால் கல்வெட்டின் எழுமூர் பின்னும் தொலைவாகிறது. அமிஞ்சிக்கரையை அமைந்தகரையாக்கினால் ஓர் உழைப்பின் தடம் மறைகிறது.

பெயர்கள் மாறுதல் இயல்பு. மாற்றுதல் சில வேளை நீதியும் ஆகும். மாற்றத்துக்கு முன் வழங்கிய கல்வெட்டு வடிவம், ஆவண வடிவம், பேச்சு வடிவம், அயல்மொழி வடிவம் ஆகிய நான்கையும் ஒருசேரப் பதிவு செய்தலே ஆய்வுலகின் கடமை. தெருவாரியான இத்தகைய பெயர்ப்பதிவு சென்னைக்கு உருவாகுமாயின், அது மொழி வரலாற்றுக்கு மட்டுமின்றி, மறைந்த நீர்நிலைகளின் எல்லைகளைக் கண்டறியவும் பயன்படும்.