‘மட்டும்’ என்று ஒரு சொல்

அக்கா மகள் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு டம்ளர் டீயோடு அவள் எதிரே போய் உட்கார்ந்தேன்.

“சித்தி, ஆண், பெண்ணுன்னு பாகுபாடு காட்டக் கூடாதுன்னு அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 15-ல 1950-லயே வந்தாச்சு. அப்புறம் எதுக்கு இத்தனை வருஷமா கோர்ட்டுக்கு அலையறாங்க?”

“அந்த வரியை நிதானமா வாசி” என்றேன். மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணமாக வைத்து மட்டும் அரசு பாகுபாடு காட்டக் கூடாது. “அந்த ‘மட்டும்’ இருக்கு பாரு, அதைப் பென்சிலால் வட்டம் போடு.”

போட்டாள். ஏர் இந்தியா வழக்கைச் சொன்னேன். அன்று அது அரசு நிறுவனம். பணிப்பெண்களுக்கு 35 வயதில் ஓய்வு. சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தாலோ, முதல் முறை கருவுற்றாலோ அதற்கு முன்பே வேலை போய்விடும். அதே விமானத்தில் அதே பயணிகளைக் கவனித்த ஆண்களுக்கு 58 வயது வரை வேலை. பணிப்பெண் நர்கேஷ் மீர்சா வழக்குப் போட்டார். 1981-இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை ரத்து செய்தது. ஆனால் கல்யாண விதியையும் 35 வயதையும் விட்டுவிட்டது. பெண் என்பதற்காக மட்டும் இந்த வித்தியாசம் இல்லையாம். வேலைக்கு எடுக்கும் முறை, பதவி உயர்வு என்று வேறு காரணங்களும் சேர்ந்திருக்கின்றனவாம்.

அவளுக்குப் பிடிபடவில்லை. “ஏழு மணிக்கு மேல உன்னை வெளியே விடறதில்லை. தம்பியை விடறாங்க. கேட்டா, ‘பொண்ணுங்கறதால இல்லை, இருட்டிடுச்சு, அதான்’னு சொல்றாங்க. இருட்டு அவனுக்கும்தானே?” சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த ஏர் இந்தியா தீர்ப்பை எப்போது படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஏனென்றால் இரண்டே ஆண்டு முன்பு, 1979-இல், அதே நீதிமன்றம் இந்த இருட்டுக் கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தது. சென்னையில் படித்த குடகுப் பெண் சி.பி. முத்தம்மா, 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அன்று அங்கே பெண் அதிகாரி கல்யாணம் செய்ய எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். குடும்பம் வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். மணமான பெண்ணுக்கு நியமன உரிமையே கிடையாது. பதவி உயர்வு மறுக்கப்பட்ட பிறகு அவர் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே அரசு உயர்வைக் கொடுத்துவிட்டது. அதனால் மனு தள்ளுபடியானது. ஆனாலும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் விடவில்லை. குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலையைக் கெடுக்கும் என்றால் ஆணின் வேலையையும் கெடுக்காதா என்று கேட்டார். பணி விதிகளை எல்லாம் மறுபடி பார்க்கும்படி அரசிடம் சொன்னார்.

“அப்போ ‘மட்டும்’ இன்னும் அப்படியேதான் இருக்கா சித்தி?”

சொல் இருக்கிறது, வாசிக்கும் விதம் மாறுகிறது. 2018-இல், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவு பற்றிய வழக்கில், நீதிபதி சந்திரசூட் 1981 வாசிப்பைக் கடுமையாக விமர்சித்தார். பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த காரணத்தைப் பாலிலிருந்து தனியாகப் பிரிக்க முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். இதைச் சொல்ல 37 ஆண்டு ஆனது.

டீ ஆறிப்போயிருந்தது. அவள் குடிக்காமல் பக்கத்தைத் திருப்பினாள். அரசு வேலை பற்றிய பிரிவு 16. இரண்டாம் உட்பிரிவில் விரல் நின்றது.

“இங்கேயும் இருக்கு” என்று வட்டம் போட்டாள்.