குடியம் மலைவழியும் கூழாங்கல் வரலாறும்

மலைநடை என்றவுடன் நம் மாணவர் உள்ளத்தில் தோன்றுவன உதகையும் கொடைக்கானலும் ஆனைமலையுமே ஆகும். தமிழகத்தின் ஐந்து தேசியப் பூங்காக்களுள் முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை ஆகிய மூன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே அமைந்துள்ளன. திருவள்ளூர் மாவட்டத்திற்கு அத்தகைய பூங்கா வாய்க்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் புகைபோக்கிகளைக் கண்டே வளர்ந்த பிள்ளைகள் 'நம் பக்கத்தில் மலையேது?' என வினவுவதில் வியப்பில்லை. எனினும் ஊத்துக்கோட்டை வழியே மேற்கு நோக்கிச் செல்வோர்க்கு ஒருநாட் பயணத்திற்குள் எட்டும் மலை ஒன்றுண்டு. அது பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அப்பால் கிடக்கும் அல்லிக்குழி மலை. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டரையும் எட்டாத குன்றுத்தொடர்தான். ஆயினும் உலக மாந்த வரலாற்றில் அதற்குள்ள இடம், அதனினும் பன்மடங்கு உயர்ந்த மலைகள் பலவற்றிற்கு இல்லை.

1944-இல் கொசத்தலையாற்றின் குறுக்கே கட்டப்பட்டு, சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கி நிற்பது பூண்டி நீர்த்தேக்கம். அவ்வூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1985-இல் நிறுவிய தொல்பழங்கால அகழ்வைப்பகம் உள்ளது. மலையேற விழைவோர் முதலில் இங்கே ஒரு மணி நேரமேனும் செலவிடுதல் வேண்டும் என்பது எம் கருத்து. கைக்கோடரி எது, இயற்கையாய் உடைந்த கல் எது எனக் கண்ணைப் பழக்கிக்கொள்ளாமல் மலைக்குச் செல்பவர், எழுத்தறியாமல் நூலகம் புகுந்தவரை ஒப்பர்.

குடியம் என்னும் சிற்றூரிலிருந்து நடைவழி தொடங்குகிறது. களா, சூரை, காரை முதலிய முட்புதர்கள் இருமருங்கும் நெருங்கிய காப்புக்காடு அது. மரநிழல் அரிது. சோலையையும் அருவியையும் எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். அவை வேண்டுவோர் ஆந்திர எல்லைக்குள் தடாவை அடுத்த உப்பலமடுகு அருவியை நாடுதலே தக்கது. குடியத்தின் சிறப்பு கண்ணுக்கு நேரே இல்லை, காலடியில் கிடக்கிறது. வழியெங்கும் முட்டை வடிவிலும் மாங்காய் வடிவிலும் சிதறிக் கிடக்கும் கூழாங்கற்களே இந்நிலத்தின் முதல் அதிசயம்.

ஆறில்லாத குன்றின்மீது ஆற்றுக்கல் வந்தது எங்ஙனம்? 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், மேற்கேயுள்ள கடப்பை மலைகளிலிருந்து இறங்கிய பேராறுகள் உறுதிமிக்க குவார்ட்சைட் கற்களை உருட்டி வந்து இங்கே குவித்தன. மணலும் களியும் அவற்றினிடையே புகுந்து இறுகின. காலப்போக்கில் அக்குவியலே பாறையாயிற்று. மழையும் வெயிலும் அப்பாறையை அரிக்க, உள்ளிருந்த கற்கள் மீண்டும் விடுபட்டுச் சரிவுகளில் உருள்கின்றன. மலைநடையின் இறுதியில் நாம் காணும் 'குகைகள்' இவ்வரிப்பினால் ஆனவையே. பாறையின் நெகிழ்ந்த அடுக்குகள் முதலில் உதிர்ந்துபோக, உறுதியான அடுக்குகள் மேலே கூரைபோல நீண்டு நிற்கின்றன. ஆழ்ந்து செல்லும் சுரங்கம் எதுவும் இல்லையாதலின் இவற்றைக் குகை என்பதினும் பாறை ஒதுக்கு என்பதே பொருந்தும். சுவரில் பதிந்த கூழாங்கற்களை அண்ணாந்து நோக்கினால், ஆற்றுப்படுகை ஒன்றைக் குறுக்கே வெட்டி நிறுத்தினாற்போலத் தோன்றும். பெரிய ஒதுக்கில் ஊர்மக்கள் வழிபடும் அம்மன் உண்டு. மேலே தேனடைகள் தொங்குவதால் கூச்சலிடுதலும் புகையெழுப்புதலும் உயிருக்கே ஊறாக முடியலாம்.

இனி, இக்கற்கள் மனிதனைக் கண்ட கதைக்கு வருவோம். இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், பயிற்சித் திடலருகே சரளைக்காகத் தோண்டிய குழியொன்றில் மனிதன் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு பிறந்த நாள் அதுவே. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் பூண்டிக்கு அருகில், கொசத்தலையாற்றுப் பள்ளத்தாக்கில் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த கே.டி. பானர்ஜி குடியத்தில் அகழ்ந்தார். 1999 முதல் சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்து வெளியிட்ட முடிவுகள் உலகையே திரும்பிப் பார்க்கச் செய்தன. அடியடுக்கில் கிடைத்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என 2011-இல் 'சயன்ஸ்' இதழ் அறிவித்தது. அடுத்த படிநிலையான இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே தலைகாட்டியதை 2018-இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது.

கல்லின் வயதை எங்ஙனம் அறிந்தனர் என மாணவர் கேட்பர். தரைமேல் கிடக்கும் கல்லின்மீது விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் ஓயாது தாக்க, அதனுள் பெரிலியம்-10, அலுமினியம்-26 என்னும் அரிய அணுக்கள் சிறுகச் சிறுகத் தோன்றுகின்றன. கல் ஆழப் புதைந்ததும் அவை தோன்றுவது ஏறக்குறைய நின்றுவிடும். முன்பே தோன்றியவை சிதையத் தொடங்கும். அலுமினியம்-26 சிதையும் விரைவு மற்றதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. எஞ்சிய இரண்டின் விகிதத்தைக் கொண்டு, கல் புதைந்து எத்தனை காலமாயிற்று எனக் கணக்கிடுவர். ஆகவே கல்லின் வடிவம் மட்டுமன்று, அது எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எவற்றின் அருகே கிடந்தது என்பதே சான்றின் உயிர். இடம் பெயர்ந்த கைக்கோடரி அழகிய கல்லே. சான்று என்னும் தகுதியில் பெரும்பகுதி போயிற்று.

இதனோடு மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. ஆதி மனிதன் என்றாலே குகைவாசி எனப் பாடநூற்படங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. ஆனால் அத்திரம்பாக்கம் திறந்த வெளி, ஓடைக்கரை. செதுக்குவதற்குக் கல்லும் பருகுவதற்கு நீரும் கிடைத்த இடமே அம்மக்களை ஈர்த்தது. எனவே குடியத்துக் குகையைக் கண்டவுடன் கடமை முடிந்ததெனத் திரும்புவோர், வழியில் மிதித்து வந்ததையே காணாது போகின்றனர்.

இங்கேதான் நம் காலத்தின் இடர் எழுகிறது. தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் புதிய வீட்டுமனைக்கும் சரளைமண் வேண்டும். கற்கருவிகள் உறங்குவதும் அச்சரளையிலேதான். ஆரணியாற்றுப் பக்கம் வடமதுரையில் 1930-களிலேயே அறிஞர்கள் கற்கருவிகளை ஆராய்ந்துள்ளனர். ஆக, பூண்டி முதல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வரை மண்ணள்ளும் இயந்திரம் எங்கும் வெறும் மண்ணைத்தான் அள்ளுகிறது என்று சொல்ல இயலாது. அதற்காகத் தொழில்வளத்தையே பழிப்பது எம் நோக்கமன்று. அத்தொழிற்சாலைகளால் உண்ணும் குடும்பங்களின் பிள்ளைகளே நம் வகுப்புகளில் அமர்ந்துள்ளனர். மேலும், ஃபூட்டுக்கு முதற்கல்லைத் தந்ததும் கட்டுமானத்திற்காகத் தோண்டிய சரளைக் குழியே அன்றோ! அக்குழிக்கும் இன்றைய குழிகளுக்கும் வேறுபாடு ஒன்றே: அன்று குழியருகே கல்லை அறிந்த கண் இருந்தது. மண் எடுக்க இசைவு தருமுன் அவ்விடத்தைத் தொல்லியல் அறிந்தார் ஒருவர் நடந்து பார்க்கும் முறை வருமாயின் இழப்பு பெரிதும் குறையும். இப்பகுதிக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறையும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவரும் அதற்குத் துணைநிற்க இயலும்.

இயந்திரத்தைவிடச் சிறிய பகைவனும் ஒருவன் உண்டு. நினைவுப்பொருளாகக் கல்லைப் பைக்குள் இட்டுக்கொள்ளும் பயணி! காப்புக்காட்டிலிருந்து இசைவின்றிக் கல்லும் மண்ணும் எடுத்தல் வனச் சட்டப்படி குற்றம். ஐயத்திற்குரிய கல் தென்படின் அருகே எழுதுகோலை அளவுக்கு வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கல்லை அங்கேயே விட்டுப் பூண்டி அகழ்வைப்பகத்தில் தெரிவித்தல் முறையாகும்.

பயணம் பற்றியும் சில சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலைநடை சென்றோர் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அரசு மலைநடைக்கென விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களின் 40 வழித்தடங்களுள் குடியமும் இடம்பெற்றது. இணையவழி முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் செல்வதே ஏற்புடையது. காட்டுத்தீக்கு அஞ்சும் மாதங்களில் வழித்தடங்களை மூடிவைப்பதும் உண்டு. கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையிலேயே நடையைத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். ஓங்கிய மழைக்குப்பின் செல்வது கற்களைக் காணவும் ஏற்றது. புழுதி கழுவப்பட்டு, செதுக்கின் விளிம்புகள் தெளிவாகத் தெரியும்.