மடக்குக் கத்தி: கையால் திறப்பதா, ஸ்பிரிங் துணையுடன் திறப்பதா? எது பாதுகாப்பு, சட்டம் என்ன சொல்கிறது?

முதலமடை: கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள முதலமடை 'மாம்பழ நகரம்' என்று அறியப்படுகிறது. ஒட்டுக் கட்டுவது, காம்பு நறுக்குவது, சாக்குக் கயிறு அறுப்பது எனத் தோப்பு வேலைகள் பலவற்றுக்கு மடக்குக் கத்தி தேவைப்படுகிறது. நகத்தால் இழுத்துத் திறக்கும் பழைய கத்திகளுடன், விரலால் சற்றே தள்ளினால் தானே விரியும் கத்திகளும் இப்போது இணையச் சந்தையில் கிடைக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், இவ்விரண்டும் பாதுகாப்பிலும் பராமரிப்பிலும் வேறுபடுகின்றன. சில இடங்களில் சட்டத்தின் பார்வையிலும் அவை வேறுபடுகின்றன.

மூன்று வகை, மூன்று விசை

மடக்குக் கத்தியைத் திறக்கும் விசை எங்கிருந்து வருகிறது என்பதே வகைப்பாட்டின் அடிப்படை. முதல் வகையில் முழு விசையும் கையிலிருந்தே வருகிறது. அலகிலுள்ள நகக்குழியைப் பிடித்து இழுத்தோ, கட்டைவிரல் குமிழைத் தள்ளியோ முடிவு வரை திறக்க வேண்டும். கை நின்றால் அலகும் நின்றுவிடும்.

இரண்டாம் வகையில் பிடிக்குள் ஒரு ஸ்பிரிங் அல்லது முறுக்குக் கம்பி இருக்கும். கத்தி மூடியிருக்கும்போது இதன் அமைப்பு அலகை உள்ளேயே பிடித்து வைக்கிறது. குமிழையோ, அலகின் அடியில் நீண்டிருக்கும் சிறு நாக்கையோ விரலால் தள்ளும்போது அந்தப் பிடிப்பு தளர்கிறது. அலகு ஒரு குறிப்பிட்ட கோணத்தைக் கடந்ததும் ஸ்பிரிங்கின் விசை எதிர்த்திசைக்கு மாறி, மீதித் தொலைவை அதுவே திறந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1990-களின் பிற்பகுதியில் இவ்வகைக் கத்திகள் பரவலாகின.

மூன்றாவது, பட்டன் கத்தி. இதில் அலகு எப்போதும் ஸ்பிரிங்கின் அழுத்தத்திலேயே இருக்கும். பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் போதும். அலகை விரலால் தொட வேண்டியதில்லை. இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் உள்ள இந்த நுண்ணிய வேறுபாடே பல நாடுகளின் சட்டங்களில் விவாதப் பொருளானது.

தோப்பு வேலைக்கு எது ஏற்றது?

ஸ்பிரிங் துணையின் முதன்மைப் பயன் ஒரு கையால் திறக்க முடிவதுதான். ஏணியில் நின்று ஒரு கையால் கிளையைப் பிடித்திருப்பவருக்கு அது உதவும். ஆனால், அதே நிலையில்தான் அதன் குறையும் வெளிப்படுகிறது. அலகு திடீரென விரியும் வேகத்தில் கத்தி கையிலிருந்து நழுவலாம். மாம்பால் படிந்து வழுக்கும் கையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். மூடும்போது ஸ்பிரிங்கின் விசையை எதிர்த்து அலகை அழுத்த வேண்டியிருப்பதால், விரல்கள் அலகின் பாதையில் சிக்காமல் கவனிப்பதும் அவசியம்.

பராமரிப்பிலும் வேறுபாடு உண்டு. மாங்காயின் காம்பு முறியும்போது பீறிடும் பால் பழத்தோலைக் கருக்கும் தன்மை கொண்டது. இதனால்தான் அறுவடையின்போது சிறிது காம்பு விட்டு நறுக்குமாறு பரிந்துரைக்கப்படுகிறது. அந்தப் பால் கத்தியின் மூட்டுக்குள் இறங்கி உலர்ந்தால் பிசினாகிவிடும். கையால் திறக்கும் கத்தியைக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்பிரிங் உள்ள கத்தியில் பாகங்கள் அதிகம். பிசினும் மண்ணும் சேர்ந்தால் அலகு பாதியில் நின்றுவிடும். ஸ்பிரிங் உடைந்தால் அதே அளவு மாற்றுப் பாகம் தேவைப்படும்.

ஒட்டுக் கட்டும் பணியில் திறக்கும் வேகத்துக்கு வேலையே இல்லை. இளம் மாங்கன்றின் தண்டைப் பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய ஒட்டுக்குச்சியைச் செருகும்போது இரு வெட்டுப் பரப்புகளும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். அதற்குத் தேவை கூர்மையும், ஒரே இழுப்பில் வழுவழுப்பாக வெட்டும் திறனும்தான். ஒட்டுக் கத்திகள் பெரும்பாலும் நகக்குழி கொண்ட எளிய மடக்குக் கத்திகளாகவே செய்யப்படுவதும் இதனால்தான்.

பூட்டு என்பது வேறு

ஸ்பிரிங் துணையுடன் திறக்கும் கத்தியே உறுதியானது என்ற எண்ணம் சரியல்ல. திறக்கும் முறை வேறு, திறந்த அலகை நிறுத்திப் பிடிக்கும் பூட்டு வேறு. பிரான்சின் ஒப்பினெல் கத்தி முழுக்க முழுக்கக் கையால் திறப்பதே. ஆயினும் 1955 முதல் அதில் சுழலும் வளையப் பூட்டு இடம்பெற்றுள்ளது. பூட்டில்லாத சாதாரண பேனாக்கத்தியில் குத்தும் திசையில் அழுத்தம் கொடுத்தால் அலகு மடங்கி விரலை வெட்டக்கூடும். எனவே, வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பூட்டைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்காகவோ விவசாயத்துக்காகவோ மட்டுமே வடிவமைக்கப்பட்ட பொருட்களை 'ஆயுதம்' என்ற வரையறையில் சேர்க்கவில்லை. அச்சட்டத்தின் கீழான விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைக் குறிப்பிடுகின்றன. அங்கும் வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக் கருவிகளுக்கு விலக்கு உண்டு.

டெல்லியில் நிலைமை வேறு. ஸ்பிரிங்கால் இயங்கும் கத்தி, பட்டன் கத்தி மட்டுமின்றி, வேறு எந்த இயந்திர அமைப்பாலும் திறக்கவோ மூடவோ செய்யும் கத்திகளையும் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது பொருந்தும். அதன் சொற்கள் பட்டன் கத்தியோடு நிற்காததால், ஸ்பிரிங் துணையுள்ள கத்தியுடன் டெல்லிக்குச் செல்வோர் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

வெளிநாடுகளிலும் ஒரே அளவுகோல் இல்லை. பட்டன் கத்திகளின் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கு 1958-இல் தடை விதித்த அமெரிக்கா, அலகைக் கையால் தள்ளித் திறக்கும் ஸ்பிரிங் துணைக் கத்திகளுக்கு 2009-இல் விலக்கு அளித்தது. பிரிட்டன் எதிர்த்திசையில் சென்றது. அங்கு 2021-இல் நடைமுறைக்கு வந்த விரிவான வரையறை, பாதி திறந்த நிலையிலிருந்து ஸ்பிரிங்கால் முழுமையாக விரியும் கத்திகளையும் தடைக்குள் கொண்டுவந்தது.

பரம்பிக்குளம் செல்வோர் கவனத்துக்கு

முதலமடை ஊராட்சி எல்லைக்குள்தான் பரம்பிக்குளம் அமைந்துள்ளது. அங்கு செல்லும் சாலை தமிழகத்தின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாக, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைக் கடந்தே செல்கிறது. இங்கு கத்தி திறக்கும் முறை ஒரு பொருட்டே அல்ல. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்ற வரையறையில் கத்திகளையும் பெயர் சொல்லிச் சேர்த்துள்ளது. அதன் 31-ஆவது பிரிவின்படி, எழுத்துப்பூர்வ முன் அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. தோப்பில் விவசாயக் கருவியாக இருக்கும் அதே கத்தி, வன எல்லையைத் தாண்டியதும் கேள்விக்கு உள்ளாகலாம். சுற்றுலாப் பயணிகள் சோதனைச் சாவடிக்கு வருவதற்கு முன்பே பையைச் சரிபார்த்துக் கொள்வது நல்லது.

மொத்தத்தில், ஒரு கையால் மட்டுமே திறக்க வேண்டிய கட்டாயம் இருப்பவர்களுக்கே ஸ்பிரிங் துணை உண்மையான பயன் தரும். ஒட்டுக் கட்டுவோருக்கும் காம்பு நறுக்குவோருக்கும், நல்ல பூட்டும் கூர்மையான அலகும் கொண்ட, கையால் திறக்கும் எளிய கத்தியே போதுமானது. பராமரிப்பும் எளிது, சட்டச் சிக்கலுக்கான வாய்ப்பும் குறைவு.