மட்டம் பார்க்கும் தண்ணீர்

பண்ணைப் பாலத்தால் வந்து அல்லைப்பிட்டியில் இறங்கினால் கடலும் தரவையும் ஒரே மட்டமாகத்தான் தெரியும். அந்தக் கண்பார்வையை நம்பி அத்திவாரம் போட முடியாது. பழைய வீட்டோடு புது அறை ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால், பழைய நிலமட்டத்தைச் சுவர் மூலை தாண்டிக் கொண்டுபோக வேண்டும். அதற்கு என் தெரிவு, தெளிவான பிளாஸ்ரிக் ரியூபும் ஒரு செம்பு தண்ணீரும்தான்.

நீர்மட்டக் கட்டை கெட்ட சாமான் அல்ல. பிரான்சின் தெவனோ 1661 அளவில் கண்டுபிடித்த அந்தக் குமிழி, கதவு நிலைக்கும் யன்னலுக்கும் போதும். ஆனால் ஒரு மீற்றருக்கு 1 மில்லிமீற்றர் பிழைத்தால், அதையே தொடர்ந்து வைத்துப் போகும்போது 10 மீற்றரில் 1 சென்ரிமீற்றர் ஆகிவிடும். லேசர் அறைக்குள் ரைல்ஸ் பதிக்க அருமை. சிவப்பைவிடப் பச்சைக் கோடு நம் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும். முற்றத்து வெயிலில் இரண்டுமே மங்கிப்போகும். மூலைக்கு அப்பாலும் போகா.

ரியூப் வளைந்து நெளிந்து கிணற்றடியால் போனாலும் கவலையில்லை. இரு நுனியும் திறந்திருக்க, இரண்டையும் அழுத்துவது ஒரே காற்று. ஒரு பக்கம் தண்ணீர் உயர்ந்தால் அதன் பாரமே மறுபக்கத்தை மேலே தள்ளும்; இரண்டும் ஒத்த உயரத்துக்கு வந்தபிறகுதான் ஆட்டம் நிற்கும். அப்போது பென்சிலால் கோடு போடலாம்.

ஏமாற்றுவது வேறு இடத்தில். ரியூபின் நிமிர்ந்த பகுதியில் இரண்டு விரல் நீளக் காற்றுக்குமிழி நின்றால், கோடும் இரண்டு விரல் பிழைக்கும். ஒரு நுனி வெயிலில், மறுநுனி நிழலில் என்றால், 10 பாகை வித்தியாசத்துக்கு ஒரு மீற்றர் உயரத்தில் 3 மில்லிமீற்றருக்கு மேல் சரியும். சூடான தண்ணீர் பாரம் குறைந்தது.

தீவகத்தில் இன்னொன்றும் உண்டு. உவர்க் கிணறும் நன்னீர்க் கிணறும் அருகருகே இருக்கும் ஊர்களில், பாதி ரியூபில் ஒன்று, மீதியில் மற்றது என்று நிரப்பிவிடக் கூடாது. ஒரு பக்கம் கடல்நீரும் மறுபக்கம் நன்னீரும் நின்றால், மீற்றருக்கு இரண்டரைச் சென்ரிமீற்றர் போய்விடும். முழுக்க உவர்நீர் என்றால் ஒரு குறையும் இல்லை.

ஆகவே, கோடு போடுமுன் இரண்டு நுனியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே கோட்டில் நிற்காவிட்டால், முழுவதையும் ஊற்றிவிட்டு மறுபடி நிரப்புங்கள்.