கொன்றை விதை ஏன் முளைப்பதில்லை?

சித்திரை பிறந்தால் சரக்கொன்றை இலைகளை உதிர்த்துவிட்டுப் பொற்சரங்களைத் தொங்கவிடுகிறது. கேரளத்தார்க்கு அஃது இல்லாமல் விஷு இல்லை. தாய்லாந்து நாட்டின் தேசிய மலரும் அதுவே. நாமும் நின்று பார்த்து வியக்கிறோம். ஆனால் நம்மில் எத்தனை பேர் விதையிட்டு ஒரு கொன்றையை வளர்த்திருக்கிறோம்?

நான் முயன்று தோற்றவன். சென்ற ஆண்டு வீட்டுத் தோட்டத்தில் நாற்பது விதைகளை ஊன்றி, இரண்டு மாதம் நீர் ஊற்றினேன். முளைத்தவை இரண்டே. "எல்லாம் சொத்தை விதை" என்றார் அப்பா. மண்ணைக் கிளறிப் பார்த்தேன். மற்றவை அழுகவும் இல்லை, ஊறவும் இல்லை. போட்டபடியே பளபளவென்று கிடந்தன.

குற்றம் விதையினுடையதன்று. அதன் மேல்தோல் நீர் புகாத கவசம். குறுந்தொகையில் ஒரு தோழி, காலமல்லாக் காலத்து மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையைப் பேதை என்கிறாள். மரம் பேதையோ என்னவோ, விதை அப்படியன்று! ஒரு கோடை மழையை நம்பி முளைத்து வெயிலில் கருகிவிடாமல், தோல் தேயும் வரை அது காத்துக் கிடக்கிறது.

காட்டில் அந்தத் தோலைத் தேய்ப்பவை விலங்குகள். ஒரு முழத்திற்கும் மேல் நீளும் கரிய காயினுள், அறைக்கு ஒன்றாக விதைகள் அமைந்துள்ளன. சுற்றிலும் இனிப்பான கரிய சதை. நரியும் கரடியும் குரங்கும் சதைக்காக அதைத் தின்கின்றன. அவற்றின் குடலைக் கடந்து வரும் விதையில் கவசம் நைந்திருக்கும். நம் ஊர்ச் சாலையோரத்தில் நரிக்கு எங்கே போவது? அந்த வேலையை நாம்தான் செய்யவேண்டும்.

முற்றிக் கறுத்த காய்களை உடைத்து, விதைகளைச் சதை போகக் கழுவிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விதையின் பக்கத்தையும் உப்புத்தாளிலோ சிமெண்டுத் தரையிலோ உள்ளிருக்கும் வெளிர்நிறம் தெரியும் வரை தேய்க்கவேண்டும். காம்பு ஒட்டியிருந்த முனையைத் தேய்த்துவிடாதீர்கள். முளை இருப்பது அங்கே. பிறகு ஓர் இரவு நீரில் ஊறவிடுங்கள். மறுநாள் உப்பியவற்றை விதைக்கலாம். உப்பாதவற்றை மீண்டும் தேய்க்கலாம். விதை மிகுதியாக இருந்தால், கொதிக்கும் நீரை அடுப்பிலிருந்து இறக்கி அவற்றின்மேல் ஊற்றி, ஆறியபின் ஒருநாள் விட்டுவைப்பதும் உண்டு. கந்தக அமிலத்தில் நனைக்கும் முறை நாற்றங்கால்காரர்களுக்கு உரியது. ஆய்வகத்தில் அமிலம் இருக்கிறதே என்று யாரும் துணிய வேண்டாம்.

செம்மண், மணல், தொழு உரம் கலந்த பையில் விரற்கடை ஆழத்தில் ஊன்றினால் போதும். இவ்வாறு செய்த இரண்டாம் முறை எனக்குப் பாதிக்கு மேல் முளைத்தன.

மழைக்காலத் தொடக்கத்தில், நல்ல வெயில் விழும், நீர் தேங்காத இடத்தில் கன்றை நடலாம். ஆடுமாடுகள் இதன் தழையை அவ்வளவாக நாடுவதில்லை என்பது பெரிய ஆறுதல். முதலிரண்டு ஆண்டுகள் வளர்ச்சி மிக மெதுவாகவே இருக்கும். பூக்கவோ இன்னும் பல ஆண்டுகள் ஆகும். நாம் பட்டம் பெற்றுச் சென்றிருப்போம்.

நூலகச் சுவரையொட்டி மூன்று கன்றுகளை நட்டிருக்கிறேன். எனக்கு இது இறுதியாண்டு. கோடை விடுமுறையில் வாரம் இருமுறை தலா ஒரு குடம் நீர் ஊற்ற, விடுதியில் தங்கும் நண்பர் ஒருவர் முன்வந்தால் போதும்.