எண்ணெயை அழுத்தினால் கார் 'ஊய்ங்' என்கிறதா? கியர் பாக்ஸை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்

தோட்டத்துச் செம்மண் பாதையில் மெதுவாக உருண்டு வரும்வரை ஒன்றும் தெரியாது. தார்ச்சாலையில் ஏறி எண்ணெயை அழுத்தியதும் காரின் முன்பக்கத்திலிருந்து 'ஊய்ங்' என்று ஒரு சத்தம் கிளம்பும். காலை எடுத்தால் அடங்கிவிடும். வானொலியின் ஒலியைக் கூட்டி வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. பட்டறைக்குப் போய், "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, கியர் பாக்ஸை மாற்ற வேண்டும் என்ற பதிலோடு திரும்புபவர்களும் உண்டு. வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் ஒரே பழைய காரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது சின்னச் செலவல்ல.

உண்மையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்தச் சத்தம் இஞ்சினின் சுழற்சியோடு ஏறுகிறதா, சக்கரத்தின் வேகத்தோடு ஏறுகிறதா?

இதைக் கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் அல்லது ஆட்டோ காராக இருந்தால் 'பி' நிலையில் வைத்து, எண்ணெயை மெல்ல அழுத்த வேண்டும். இஞ்சின் சுழற்சி 2,000, 3,000 என ஏறும்போது அதே சத்தம் கூடவே ஏறினால், கோளாறு பெரும்பாலும் இஞ்சின் பக்கம்தான். கார் நகராதபோது சக்கர பேரிங் சத்தம் போட வழியில்லை.

இஞ்சின் பக்கம் என்றால் அநேகமாக பெல்ட்டால் சுழலும் ஏதோ ஒன்று. அல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் பம்ப், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உருளை, சில கார்களில் தண்ணீர் பம்ப். முன் விளக்கையும் ஏர்கோனையும் போட்டதும் சத்தம் கூடினால் அல்டர்னேட்டர் மீது சந்தேகம் வரும், ஏனென்றால் அதற்குத்தான் அப்போது வேலை கூடுகிறது. ஆனால் ஏர்கோனை மட்டும் போடும்போது சத்தம் மாறினால் கம்பிரசரையும் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சத்தம் பெரிதானால் பவர் ஸ்டியரிங் எண்ணெய்ப் புட்டியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் குறைந்து பம்ப்புக்குள் காற்று புகுந்தாலே இப்படி ஊளையிடும். வீரா போன்ற பழைய கார்களில் இது சகஜம். மைவியில் ஸ்டியரிங் மின்சார மோட்டாரால் இயங்குவதால் அந்தப் புட்டியைத் தேடி அலைய வேண்டாம்.

அனுபவமுள்ள ஃபோர்மன் அந்த பெல்ட்டையே கழற்றிவிட்டு, சில வினாடிகள் மட்டும் இஞ்சினை ஓடவிட்டுக் கேட்பார். சத்தம் காணாமல் போனால் குற்றவாளி அந்த பெல்ட்டில்தான் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு உருளையையும் கையால் சுற்றிப் பார்த்தால், கரகரவென்று சுற்றுவது எது என்று தெரிந்துவிடும். ஓடும் இஞ்சினுக்குள் நாமே கையை விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பெல்ட்டைக் கழற்றியும் சத்தம் நிற்கவில்லையா? டைமிங் பெல்ட் பக்கம் பார்க்க வேண்டும். அதன் உருளை பேரிங் தேய்ந்தாலும், புதிதாக மாட்டிய பெல்ட் அளவுக்கு மேல் இறுக்கமாக இருந்தாலும் இதே சத்தம்தான். இதைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த பெல்ட் அறுந்தால் பல இஞ்சின்களில் வால்வு வளைந்துவிடும். புரோட்டோனின் கேம்புரோ இஞ்சினும் அந்த வகைதான்.

ஆட்டோ காரில் ஒரு சிக்கல் உண்டு. கியர் பாக்ஸுக்குள் இருக்கும் எண்ணெய் பம்ப்பும் இஞ்சினோடு சேர்ந்தே சுழல்வதால், 'பி' நிலையில் சத்தம் வந்தாலும் கியர் எண்ணெயின் அளவைப் பார்த்துவிடுவது நல்லது. சிவிடி கியர் உள்ள கார்களில், உதாரணத்துக்கு 2011-இல் வந்த சாகா எஃப்எல்எக்ஸ், எண்ணெய் அழுத்தும்போது ஒரு மெல்லிய ஒலி சீராக ஏறுவது இயல்பே. முன்பு இல்லாத அளவுக்கு அது கூடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்த கியருக்கு அதற்குரிய சிவிடி எண்ணெயையே ஊற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதாரண ஆட்டோ எண்ணெயை ஊற்றினால் கியர் பாக்ஸ் உண்மையிலேயே போய்விடும்.

நின்றபோது சத்தமே இல்லை, ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் கதை வேறு. மேனுவல் காரில் மூன்றாவது கியரில் மட்டும் ஊளையிட்டு நான்காவதில் அடங்கினால் கியர் பாக்ஸுக்குள்தான் தேய்மானம். எந்த கியரிலும் மாறாமல், காலை எடுத்தாலும் நிற்காமல், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் சக்கர பேரிங் அல்லது டயர். வலப்பக்கம் வளையும்போது காரின் பாரம் இடப்பக்கச் சக்கரங்கள் மீது சாயும். அப்போது சத்தம் கூடினால் இடப்பக்க பேரிங்கைப் பார்க்கச் சொல்லலாம்.

வெள்ளத்தில் ஓடிய காராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த 2021 டிசம்பர் வெள்ளம் போன்ற ஒன்றில் நின்ற கார், வெளியே மெருகேற்றி விற்கப்பட்டால் பார்வைக்குத் தெரியாது. கியர் எண்ணெயை வடித்துப் பார்த்தால் தெரியும். தேத்தாரேக் நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள்.

வானொலியை அணைத்ததும் சத்தம் நின்றுவிட்டால், சிரிக்க வேண்டாம், அதுவும் நடப்பதுதான். அல்டர்னேட்டரின் மின் இரைச்சல் எர்த் வயர் சரியில்லாததால் ஒலிபெருக்கி வழியாக வருகிறது. இஞ்சினையோ கியர் பாக்ஸையோ தொட வேண்டியதில்லை.

பட்டறைக்குப் போகும்போது ஃபோர்மனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். செலவை எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். தகராறு முற்றினால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு போகலாம். அங்கே அந்த எழுத்துதான் பேசும்.

சத்தம் காலையில் குளிர்ந்த இஞ்சினில் மட்டும் வருகிறதென்றால், காரை முந்தின இரவே பட்டறையில் விட்டுவிட்டு வாருங்கள். ஓடிச் சூடான பிறகு கொண்டு போனால், ஃபோர்மனுக்குக் காட்டச் சத்தமே இருக்காது.